பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பெயர் வைப்பது சுலபம். வைத்த பெயரை மாற்றுவதுதான் பிரம்மப் பிரயத்தனம். ஊரில் யாரோ ஒரு பையனுக்கு விளையாட்டாகக் 'கோணவாயன்' என்று பெயர் வைத்துவிட்டால் போதும். அவன் வளர்ந்து, மீசை முளைத்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவன் கோணவாயன்தான். அவன் வாய் கோணலா, நேரா என்று நிமிர்ந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. கதை எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகத் தெரியும். கதையில் வருகிறவனுக்கு நாம் என்ன பெயர் சூட்டுகிறோமோ, அதற்குத் தக்கபடிதான் வாசகர் அவனைப் பார்க்கத் தொடங்குகிறார். பாதி வேலையைப் பெயரே செய்துவிடுகிறது.

மனிதனாவது தன் பெயரைப் பற்றி முறையிட்டுக்கொள்ளலாம், சண்டைக்குப் போகலாம், அரசாங்க கெஜட்டில் விளம்பரம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஏழரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் போய்விட்ட ஒரு பிராணி என்ன செய்யும்? அதற்கு ஒருவர் 'திருடன்' என்று பெயர் வைத்தார். எழுபது ஆண்டுகள் உலகம் அதை நம்பியது. அந்தப் பழி எப்படி வந்தது, எப்படி நீங்கியது, நீங்கிய பிறகும் எப்படி நீங்காமல் நிற்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு டைனோசர்களைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் கற்றுக்கொடுக்கும் முன்பே வீடியோ விளையாட்டுகள் கற்றுக்கொடுத்துவிடுகின்றன. யானைக்கும் ஒட்டகத்துக்கும் எத்தனை விரல் என்று தெரியாத பிள்ளைகள், டைரனோசரஸ், வெலாசிராப்டர், ஓவிராப்டர் என்று வாய் குழறாமல் ஒப்பிக்கிறார்கள். விளையாடாத பெரியவர்களுக்கும் ஒரு டைனோசர் பழக்கம் உண்டு. கம்ப்யூட்டரில் இணையத் தொடர்பு அறுந்துபோனால் கூகுள் குரோம் திரையில் தலை காட்டுகிறதே, அந்தக் குட்டிச் சாம்பல் நிறப் பிராணி! 2014ஆம் ஆண்டிலிருந்து அது கள்ளிச் செடிகளைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவும் டைரனோசரஸ்தான்.

நான் மேலே மூன்று பெயர்களைச் சொன்னேன். ஒன்று, விளையாட்டுகளில் பயங்கர ராஜா. இன்னொன்று, கதவைத் திறந்துகொண்டு வரும் கொலைகாரன். மூன்றாவது, முட்டைத் திருடன். விசித்திரம் என்னவென்றால், இந்த மூன்று பெயர்களையும் சூட்டியவர் ஒரே மனிதர். ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பர்ன் என்பது அவர் பெயர். நியூயார்க் நகரத்தில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிசாலைக்கு 1908 முதல் 1933 வரை தலைவராக இருந்தவர். பெரிய பணக்காரக் குடும்பம், பெரிய படிப்பு, பெரிய மனிதர்களின் சிநேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் வைப்பதில் அவருக்கு ஒரு கை தேர்ச்சி இருந்தது. நாவலாசிரியர் ஆகியிருக்க வேண்டியவர்!

முதல் பெயர் சூட்டு விழா 1905ஆம் ஆண்டு நடந்தது. பார்னம் பிரௌன் என்ற ஆராய்ச்சியாளர் 1902ல் அமெரிக்காவின் மொன்டானா பிரதேசத்தில் ஒரு பிரம்மாண்டமான மாமிசபட்சிணியின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார். ஆஸ்பர்ன் அதற்கு 'டைரனோசரஸ் ரெக்ஸ்' என்று பெயரிட்டார். கொடுங்கோல் பல்லி அரசன் என்பது பொருள். அதே கட்டுரையில், வயோமிங் பிரதேசத்தில் கிடைத்த இன்னொரு எலும்புக்கூட்டுக்கு 'டைனமோசரஸ்' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே, இரண்டும் ஒரே ஜாதிப் பிராணி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கட்டுரையில் முதலில் வந்த பெயர் நிலைத்தது. பக்கங்கள் முன்பின்னாக அச்சாகியிருந்தால் இன்று உலகமெல்லாம் டைனமோசரஸைக் கண்டு நடுங்கிக்கொண்டிருக்கும்.

கொடுங்கோல் அரசன் என்று பெயர் வைத்த பிறகு அவனைக் குனிந்து நிற்கச் சொல்ல முடியுமா? 1915ல் நியூயார்க்கில் அந்தப் பிராணியின் எலும்புக்கூடு ஒன்றை நிறுத்தியபோது, வாலைத் தரையில் ஊன்றி, மார்பை நிமிர்த்தி, கங்காரு மாதிரி நிறுத்தினார்கள். சுமார் எண்பது ஆண்டுகள் அது அப்படியே நின்றது. உண்மையில் அந்தப் பிராணி முதுகைத் தரைக்குச் சமமாக வைத்து, முன்னால் தலையும் பின்னால் வாலுமாகத் தராசுக் கோல் போல நடந்தது என்பது பின்னால் தெளிவாயிற்று. 1990களில் எலும்புக்கூட்டைக் கழற்றி மறுபடியும் சரியாகப் பூட்டினார்கள். பொருட்காட்சிசாலை தன்னைத் திருத்திக்கொண்டது. குரோம் திரையில் ஓடும் குட்டிப் பிராணி மட்டும் இன்னும் 1915ஆம் ஆண்டு நிமிர்வோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அது தாண்டுகிற கள்ளிச் செடிகளின் வம்சம் டைரனோசரஸ் இருந்த நாளில் பூமியில் தோன்றவே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. அந்த ஆட்டத்தின் உச்ச எண்ணிக்கையை எட்ட வேண்டுமானால் 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் ஓட வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் சொன்னார்கள். டைரனோசரஸ் பூமியில் வாழ்ந்த காலம் அவ்வளவு என்றும் சொன்னார்கள். அது வாழ்ந்தது 20 லட்சம் ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்பதே இன்றைய கணக்கு. பாவம், ஓட்டத்திலேயே அதன் ஆயுளை எட்டு மடங்கு நீட்டிவிட்டார்கள்!

இது சிறு விஷயம். சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்த இரண்டு பெயர்களின் கதை அப்படிச் சிரித்துவிட்டுப் போகக் கூடியதல்ல.

மனித குலத்தின் தொட்டில் மத்திய ஆசியாதான் என்பது ஆஸ்பர்னின் திடமான நம்பிக்கை. ஆதி மனிதனின் எலும்பைத் தேடி அவர் ஒரு பெரும் படையையே மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்துக்கு அனுப்பினார். படைத் தலைவர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ். எலும்பு விஷயங்களில் தலைமை ஆராய்ச்சியாளர் வால்டர் கிரேஞ்சர். மோட்டார் வண்டிகளில் இவர்கள் போக, இவர்களுக்கு வேண்டிய பெட்ரோலை ஒட்டகங்கள் சுமந்து முன்னே போய்க்கொண்டிருந்தன. 1922ல் ஒருநாள் வழி தெரியாமல் வண்டிகளை நிறுத்தி, அங்கிருந்த கூடாரவாசிகளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவேளையில் ஷாக்கிள்ஃபோர்டு என்ற புகைப்படக்காரர் காலாற நடந்து போனார். சட்டென்று அவர் காலடியில் நிலம் முடிந்தது. கீழே, மாலை வெயிலில் நெருப்புப் பிடித்தாற்போல் ஜொலிக்கும் செம்பாறைச் சரிவுகள்! அதில் இறங்கி ஒரு மண்டை ஓட்டோடு திரும்பி வந்தார். கிளி மூக்கும், கழுத்துக்குப் பின்னால் விரிந்த கேடயமும் கொண்ட ஒரு சிறு பிராணியின் தலை அது. அதற்குப் புரோட்டோசெராடாப்ஸ் என்று பெயரிட்டார்கள். அந்த இடத்துக்கு ஆண்ட்ரூஸ் வைத்த பெயர் 'கொழுந்துவிடும் பாறைகள்'.

மறு ஆண்டு அவர்கள் நேரே அங்கேயே வந்து முகாம் போட்டார்கள். 1923 ஜூலை 13 அன்று ஜார்ஜ் ஆல்சன் என்பவர், "முட்டைகளைக் கண்டெடுத்தேன்" என்று வந்து சொன்னார். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்களாம். கல் உருண்டைகளைப் பார்த்துவிட்டு முட்டை என்கிறான் என்று நினைத்தார்கள். போய்ப் பார்த்தால் முட்டைகளேதான். நீள்வடிவத்தில், ஓட்டின் சொரசொரப்புக்கூட அழியாமல் கல்லாய்ச் சமைந்து கிடந்தன. டைனோசர் முட்டையிட்டது என்பதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி உலகுக்குக் கிடைத்தது அப்போதுதான். அமெரிக்காவில் ஒரே ஆரவாரம்! பயணத்துக்குப் பணம் திரட்ட ஒரு முட்டையை ஏலம் போட்டார்கள். 5,000 டாலருக்கு அது போயிற்று. 'முட்டைக்கே இவ்வளவு விலையானால்...' என்று மங்கோலியாவிலும் சீனாவிலும் அதிகாரிகளுக்குச் சந்தேகம் பிறந்து, பின்னால் ஆண்ட்ரூஸுக்குத் தலைவலியானது தனிக் கதை.

முட்டைகள் யாருடையவை? அங்கே திரும்பிய இடமெல்லாம் புரோட்டோசெராடாப்ஸ் எலும்புகளே கிடந்தன. ஆகவே முட்டைகளும் அதனுடையவைதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதிகம் பேர் இருக்கிற ஜாதிக்கே வீடும் சொந்தம் என்கிற மாதிரி!

அப்படி ஒரு முட்டைக் கூட்டின்மேல், நாலே அங்குல மணல் இடைவெளியில், வேறொரு பிராணியின் எலும்புக்கூடு கிடந்தது. மண்டை நசுங்கியிருந்தது. வாயில் பல் இல்லை. அலகு போன்ற தாடை. கைகளில் நீண்ட விரல்கள். இதற்கும் அந்தக் கூட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆஸ்பர்ன் யோசித்தார். பிறருடைய முட்டைகள். அவற்றின்மேல் ஓர் அந்நியன். முட்டையை உடைக்க ஏற்ற அலகு. சந்தேகம் என்ன? திருட வந்த இடத்தில் மணல் புயலில் கையும் களவுமாகச் சிக்கிச் செத்திருக்கிறான்! 1924ஆம் ஆண்டு அதற்கு 'ஓவிராப்டர் ஃபிலோசெராடாப்ஸ்' என்று பெயரிட்டார். கொம்பு முகத்தாரின் முட்டைமேல் ஆசை வைத்த முட்டைக் கள்வன் என்று அர்த்தம். பெயரிலேயே குற்றப் பத்திரிகை, பெயரிலேயே தீர்ப்பு.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெயர் அதன் உணவுப் பழக்கத்தைப் பற்றி நம்மைத் திசை திருப்பிவிடக்கூடும், அதன் சுபாவத்துக்கே முரணாக இருந்தாலும் இருக்கலாம் என்று ஆஸ்பர்ன் அந்தக் கட்டுரையிலேயே எச்சரித்திருக்கிறார். நீதிபதி தீர்ப்பை எழுதிவிட்டு, ஓரத்தில் 'ஒருவேளை இவன் நிரபராதியாகவும் இருக்கலாம்' என்று குறிப்பு எழுதின மாதிரி! ஓரக் குறிப்பை யார் படிக்கிறார்கள்? தீர்ப்புத்தான் ஊரெல்லாம் பரவியது. பிள்ளைகளின் படப் புத்தகங்களில் ஓவிராப்டர் முட்டையைக் கவ்விக்கொண்டு ஓடியது. 2000ஆம் ஆண்டு வெளியான டிஸ்னி கம்பெனியின் 'டைனோசர்' படத்தில் முட்டை திருடியது. 2015ல் வெளிவரத் தொடங்கிய 'ஆர்க்' என்ற விளையாட்டில் இன்றும் கூடு கூடாகப் போய் முட்டை திருடிக்கொண்டிருக்கிறது. கணக்கற்ற பிள்ளைகளுக்கு அந்தப் பிராணியைப் பற்றித் தெரிந்தது அந்த ஒன்றே.

அதே 1924ஆம் ஆண்டு, அதே கட்டுரையில், அதே கோபி மண்ணிலிருந்து வந்த இன்னொரு சிறு தலைக்கும் ஆஸ்பர்ன் பெயர் வைத்தார். 'வெலாசிராப்டர்' - விரைந்து பறிக்கும் கள்வன். ஒரே கட்டுரையில் இரண்டு கள்வர்கள்! ஒருவன் இழிபெயர் பெற்றான். மற்றவன் பேரும் புகழும் பெற்றான். அந்தப் புகழும் அவனுடையதல்ல என்பதுதான் இதிலே வேடிக்கை.

1964ல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஜான் ஆஸ்ட்ரம் என்ற பேராசிரியர் ஒரு டைனோசரைக் கண்டுபிடித்தார். பத்தடிக்கு மேல் நீளம்; கால் விரலில் அரிவாள் போன்ற நகம். 1969ல் அதற்கு 'டைனோனிக்கஸ்' என்று பெயரிட்டார். பயங்கர நகம் என்று பொருள். டைனோசர் என்றால் மந்தமான ராட்சதப் பல்லி என்று நினைத்திருந்த உலகத்துக்கு, 'இல்லை, இவை சுறுசுறுப்பானவை. பறவைகளின் மூதாதையர்' என்று எடுத்துக் காட்டியவர் அவர். மைக்கேல் கிரைட்டன் 1990ல் தம்முடைய 'ஜுராசிக் பார்க்' நாவலை எழுதியபோது, வில்லனாக எடுத்துக்கொண்ட உருவம் இந்த டைனோனிக்கஸ்தான். ஆனால் பெயர் மட்டும் வெலாசிராப்டர்! இரண்டும் ஒரே இனம் என்று அப்போது ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். அதற்கு மேல், அந்தப் பெயர் காதுக்கு நாடகத்தனமாக இருக்கிறது என்று கிரைட்டன் தம்மிடம் சொன்னதாக ஆஸ்ட்ரம் பின்னால் தெரிவித்தார். ஒரு நாவலாசிரியர் காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு பிராணி இன்னொரு பிராணியின் உடம்பைப் போட்டுக்கொண்டது. எங்கள் ஜாதியாரின் கைவரிசை!

1993ல் படம் வந்தது. படத்தில் அது இன்னும் வளர்ந்து மனிதன் உயரம் ஆயிற்று. பிறகு விளையாட்டுகள் அதை எடுத்துக்கொண்டன. 1996ல் 'டூம் ரெய்டர்', 1999ல் 'டைனோ க்ரைசிஸ்', 2018ல் 'ஜுராசிக் வேர்ல்டு எவல்யூஷன்' என்று, பார்த்த இடமெல்லாம் செதில் தோலோடு பாய்ந்து பாய்ந்து வந்தது. உண்மையான வெலாசிராப்டர் எப்படி இருந்தது தெரியுமா? வாலையும் சேர்த்து நீளம் ஆறடிக்குச் சற்று மேல். அந்த நீளத்திலும் பெரும்பகுதி வால். எடை 15 முதல் 20 கிலோ. இடுப்பு உயரம் நம் முழங்கால் அளவு. பருத்த வான்கோழி ஒன்றை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். வான்கோழி என்றது வெறும் உவமைக்காக அல்ல. 2007ல் ஒரு வெலாசிராப்டரின் முன்கை எலும்பை ஆராய்ந்தவர்கள், அதில் வரிசையாகச் சிறு குமிழ்களைக் கண்டார்கள். பறவைகளின் சிறகெலும்பில் இறகின் தண்டு பதிகிற இடத்தில் இருக்கும் அதே குமிழ்கள்! நம் திரைகளில் செதில் தோலோடு பாய்கிற அந்தப் பூதத்துக்கு உண்மையில் கையெல்லாம் இறகு.

அதனால் அது சாது என்று நினைத்துவிட வேண்டாம். 1971ல் போலந்து-மங்கோலிய ஆராய்ச்சிக் குழு ஒன்று, ஸோஃபியா கீலான் யவரோவ்ஸ்கா என்ற பெண்மணியின் தலைமையில் கோபியில் தோண்டியபோது, ஒரு வெலாசிராப்டரும் ஒரு புரோட்டோசெராடாப்ஸும் கட்டிப் புரண்ட நிலையிலேயே கல்லாகிக் கிடந்தன. இதன் நகம் அதன் கழுத்தில். இதன் கை அதன் வாயில். வெற்றி தோல்வி தீர்மானமாகும் முன்பே மணல் வந்து இருவரையும் மூடிவிட்டது. இதைவிட நல்ல சண்டைக் காட்சியை எந்த விளையாட்டும் இதுவரை காட்டவில்லை. உண்மைக்குச் சுவை போதாது என்று நினைத்துக் கற்பனை சேர்க்கிறவர்கள், உண்மையைச் சரியாகப் பார்க்காதவர்கள்.

இப்போது முட்டைத் திருடனின் மேல்முறையீட்டுக்கு வருவோம்.

அரசியல் காரணங்களால் மங்கோலியாவின் கதவுகள் அமெரிக்க ஆராய்ச்சியாளருக்கு நெடுங்காலம் மூடிக் கிடந்தன. 1990ல்தான் அந்த நியூயார்க் பொருட்காட்சிசாலையார் மறுபடி கோபிக்குள் கால் வைத்தார்கள், இந்த முறை மங்கோலிய விஞ்ஞானக் கழகத்தாருடன் சேர்ந்து. 1993ல் உகா டோல்காட் என்ற இடம் அவர்கள் கண்ணில் பட்டது. தொல்லுயிர் எலும்புகள் அங்கே கொட்டிக் கிடந்தன. அங்கே மார்க் நாரெல் ஓர் உடைந்த முட்டையை எடுத்தார். 1923ல் ஆல்சன் கண்டெடுத்தாரே, அதே வகை முட்டை. பாதி ஓடு போயிருந்தது. உள்ளே, குருவிக் குஞ்சின் எலும்புகளைப் போல மெல்லிய எலும்புகள் சுருண்டு கிடந்தன. எழுபது ஆண்டுகளாகப் 'புரோட்டோசெராடாப்ஸ் முட்டை' என்று ஊர் சொன்ன முட்டை. உள்ளே இருந்த குஞ்சோ ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு!

யோசித்துப் பாருங்கள். முட்டை அந்நியனுடையது என்பதுதானே குற்றச்சாட்டின் அஸ்திவாரம்? அது அந்தக் குடும்பத்து முட்டையே என்றால், திருட்டு ஏது? மதுரை வீதியில் கோவலன் கையில் இருந்த சிலம்பு, அவன் மனைவியின் சிலம்பு. அதை வைத்தே அவனைக் கள்வன் என்றார்கள். இங்கேயும் அதே கதை. தன் உடைமையோடு இருந்தவனைத் தன் உடைமையாலேயே கள்வனாக்கினார்கள்.

இன்னும் ஒரு சாட்சி பாக்கி இருந்தது. அதே குழுவினர் உகா டோல்காட்டில் வேறொரு எலும்புக்கூட்டைக் கண்டு 1995ல் உலகுக்கு அறிவித்தார்கள். ஓவிராப்டரின் நெருங்கிய உறவுப் பிராணி அது. கூட்டின் நடுவே கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் வட்டமாக முட்டைகள். இரண்டு கைகளையும் இரு பக்கமும் விரித்து அந்த முட்டைகளை அணைத்திருக்கிறது. கோழி அடைகாக்கும்போது சிறகை விரித்து மூடிக்கொள்கிறதே, அச்சு அசல் அதே பாவனை. மணல் சரிந்ததோ, புயல் அடித்ததோ, அது எழுந்து ஓடவில்லை. ஓடியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம். முட்டைகளின் மேலேயே இருந்து, அந்த நிலையிலேயே கல்லாயிற்று. 1923ல் நாலு அங்குல மணல் இடைவெளியில் கிடந்த அந்த நசுங்கிய தலையையும் ஆராய்ச்சியாளர்கள் புதிய கண்ணோடு பார்த்தார்கள். அங்கே கிடந்தது திருட வந்தவனல்ல, பெற்ற உயிர்.

இந்த உறவுப் பிராணிக்கு 2001ல் பெயர் சூட்டினார்கள். இந்த முறை பெயர் வைத்தவர்கள் யோசித்து வைத்தார்கள். 'சிதிபதி' என்பது பெயர். ஆம், நம் காதுக்குப் பழக்கமான சொற்கள்தான். சிதையின் தலைவன் என்று அர்த்தம். சமஸ்கிருதத்திலிருந்து திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும் பௌத்தத்தோடு போன பெயர். மயானத்தைக் காக்கும் இரண்டு எலும்புருவங்களை அங்கே அப்படி அழைக்கிறார்கள். தியானத்தில் ஆழ்ந்திருந்த இரு துறவிகளின் தலையை ஒரு திருடன் வெட்டிவிட்டான் என்றும், அவர்களே திருடர்களுக்குப் பரம சத்துருக்களாகி மயானக் காவலர் ஆனார்கள் என்றும் கதை. திருடன் என்று பழி சுமந்த குடும்பத்துக்குத் திருடனின் எதிரி பெயர்! விதி எழுதுகிற கதைகளுக்கு முன்னால் எங்கள் கதைகள் எம்மாத்திரம்?

வழக்கில் இன்னும் இரண்டு தீர்ப்புகள் உண்டு. புரோட்டோசெராடாப்ஸின் உண்மையான முட்டைகள் 2020ல் அடையாளம் காணப்பட்டன. அவற்றுக்குக் கெட்டியான ஓடே இல்லை. ஆமை முட்டைபோல் மெத்தென்ற தோல். பறிகொடுத்ததாகச் சொல்லப்பட்ட சொத்து அவர்களிடம் இருந்ததே இல்லை! இன்னொன்று, கூட்டின்மேல் உயிர்விட்ட அந்தப் பிராணியை எல்லோரும் 'பெரிய அம்மா' என்று செல்லமாக அழைத்து வந்தார்கள். முட்டைகளின் மொத்த அளவையும் அடைகாத்ததன் உடல் அளவையும் பறவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், இந்த இனங்களில் அடைகாத்தது ஆணாக இருக்கலாம் என்று 2008ல் எழுதினார்கள். ஈமு, நெருப்புக்கோழி வகைகளில் இன்றும் தகப்பன் அடைகாப்பது உண்டு. ஆகவே, திருடனாகக் குற்றம் சாட்டப்பட்டு, தாயாக விடுதலையாகி, கடைசியில் தகப்பனாக இருந்தாலும் இருக்கலாம் என்ற நிலைக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது.

இத்தனையும் ஆன பிறகு பெயரை மாற்றினார்களா? இல்லை, மாற்ற முடியாது. விலங்குகளின் பெயருக்கென்று அனைத்துலக விதி ஒன்று இருக்கிறது. முறைப்படி முதலில் வைத்த பெயரை, அது பொருத்தமில்லை என்ற காரணத்துக்காக மாற்றக் கூடாது என்கிறது அந்த விதி. விதியில் நியாயம் இருக்கிறது. ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் பெயர் மாற்றினால் எந்தப் பிராணியைப் பற்றி யார் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே விடுதலையான பிறகும் ஓவிராப்டர் முட்டைக் கள்வன்தான். ஆஸ்பர்ன் 1935ல் காலமானார். தம் ஓரக் குறிப்பு எவ்வளவு உண்மையாயிற்று என்பதை அவர் அறியவில்லை.

பிராணியின் பெயரில் என்ன வந்துவிட்டது, அதற்குக் கேட்கவா போகிறது என்று சில வாசகர்கள் எண்ணலாம். நானும் அந்த மட்டில் விட்டுவிட்டிருப்பேன். ஆனால் ஆஸ்பர்ன் பிராணிகளோடு நிற்கவில்லை. மனிதரில் உயர்ந்த இரத்தம், தாழ்ந்த இரத்தம் என்று பிரித்து, 'தாழ்ந்தவர்' பெருகாமல் தடுக்க வேண்டும் என்று சொன்ன யூஜெனிக்ஸ் கொள்கையில் அவர் ஒரு பெரும் தூண். 1921ல் அந்தக் கொள்கைக்காரர்களின் இரண்டாவது அனைத்துலக மாநாடு அவருடைய பொருட்காட்சிசாலையிலேயே, அவர் தலைமையிலேயே நடந்தது. முட்டைக் கள்வனுக்குப் பெயரிட்ட அதே 1924ஆம் ஆண்டில், ஆசிய மக்களுக்கு ஏறக்குறைய முழுவதுமாகக் கதவடைத்த குடியேற்றச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. இந்தக் கொள்கைக்காரர்களின் வாதம் அந்தச் சட்டத்துக்குப் பக்கபலமாக நின்றது. ஆசிய மண்ணில் மனிதனின் தொட்டிலைத் தேடியவர்கள், ஆசிய மனிதன் தங்கள் வாசற்படி ஏறக் கூடாது என்றார்கள்!

மண்டை ஓட்டின் வடிவத்தைப் பார்த்துச் சுபாவத்தைச் சொல்லிவிடலாம், கிடந்த இடத்தைப் பார்த்துக் குற்றத்தைச் சொல்லிவிடலாம் என்ற அதே அவசர புத்திதான் இரண்டு இடத்திலும் வேலை செய்தது. முதலாவதில் ஒரு பிராணியின் பெயர் கெட்டது. இரண்டாவதில் எத்தனையோ மனிதரின் வாழ்க்கை கெட்டது. கப்பலிலிருந்து இறங்கவிடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு மேல்முறையீடு இல்லை. அந்த மாநாடு நடந்து நூறு ஆண்டுகள் ஆன 2021ல், அதே பொருட்காட்சிசாலை அந்தக் கொள்கையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. நூறு ஆண்டுகள்!

விஞ்ஞானத்தைக் குறை சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. ஆஸ்பர்ன் வைத்த பழியைத் துடைத்தவர்கள் யார்? அதே பொருட்காட்சிசாலையிலிருந்து, அதே பாலைவனத்துக்குப் போய், அதே வகை முட்டையை எடுத்து வந்தவர்கள்தான். தன் முன்னோரின் தீர்ப்பைத் தானே புரட்டிப் பார்க்கும் நேர்மை அவர்களிடம் இருந்தது. எலும்பு பொய் சொல்லவில்லை. 1923லும் அது உண்மையைத்தான் சொன்னது. கேட்டவர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள்.

விளையாட்டுச் செய்கிறவர்களையும் ஒரேயடியாகத் திட்டுவதற்கில்லை. அமெரிக்காவின் ஹெல் க்ரீக் பிரதேசத்தை, அங்கே கிடைத்த எலும்புகளையும் தாவரங்களையும் வைத்தே அமைக்க முயன்ற 'சோரியன்' போன்ற விளையாட்டுகளும் 2017க்குப் பிறகு வந்திருக்கின்றன. ராப்டருக்கு இறகு வைத்துக் காட்டுகிறவர்கள் சிறுகச் சிறுகப் பெருகி வருகிறார்கள். இறகு வைத்தால் பயம் போய்விடும் என்று சிலர் குறைப்படுகிறார்கள். கொல்லைப்புறத்தில் அடைக்கோழியிடம் கை நீட்டிக் கொத்து வாங்கிய எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ அடுத்த தடவை அந்த விளையாட்டை ஆடும்போது, திரையில் ஓவிராப்டர் ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், விளையாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முட்டை யாருடையது என்று மட்டும் கேட்டு வையுங்கள். மீதிக் கதையைக் கேட்காமல் அந்தக் குழந்தை உங்களை விடாது.